இருந்த பூட்டையும் கழற்றிவிட்டு ‘சர்வர் பாதுகாப்பு முடிந்தது’ என்று பில் போட்டார்கள்

சர்வர் அமைத்துத் தரும் வேலையை வெளியாட்களிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் செய்த வேலையைத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று பையர்கள் பார்ப்பதற்கும் டிசைன் கோப்புகளை அனுப்புவதற்கும் எங்களுக்கு ஒரு சிறிய இணையதளம் உண்டு. பிப்ரவரியில் அதைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். ஆல்மாலினக்ஸ் 9 என்ற லினக்ஸ் சிஸ்டம், முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், பின்னால் தளத்தின் பிஎச்பி கோடை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், டேட்டாபேஸ் அதே மெஷினில். எனக்கு அந்த மாதம் ஆடிட் வேலை கழுத்து வரை இருந்ததால் வெளியே கொடுத்தோம். கொட்டேஷனில் ஒரு வரியை நானே கேட்டுச் சேர்க்க வைத்தேன்: எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு என்ஃபோர்ஸிங் நிலையில், அதாவது விதியை மீறுவதைத் தடுக்கும் நிலையில், இருக்க வேண்டும், எங்கள் தளத்துக்குத் தேவையான விதிகளை, அதாவது பாலிசியை, அவர்களே அமைத்துத் தர வேண்டும். அந்த ஒரு வரிக்கு மட்டும் தனியாக 15,000.

தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாதாரண லினக்ஸ் அனுமதி என்பது கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதோடு முடிந்துவிடும். எஸ்இலினக்ஸ் அதற்கு மேல் இன்னொரு காவல். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் போர்ட்டுக்கும் (நெட்வொர்க் வாசல் எண்) ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், எந்த லேபிள் எந்த லேபிளைத் தொடலாம் என்று பாலிசியில் எழுதியிருந்தால்தான் நடக்கும், எழுதவில்லை என்றால் எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாகவே ஓடினாலும் நடக்காது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ 2000 கடைசியில் வெளியிட்டது, 2003-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆல்மாலினக்ஸ் மாதிரி ரெட்ஹேட் குடும்பத்துச் சிஸ்டங்களை நிறுவியவுடனே அது என்ஃபோர்ஸிங்கில்தான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தது என்று ஒரு பிடிஎஃப் கொடுத்தார்கள். அதில், எஸ்இலினக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கெட்என்ஃபோர்ஸ் கட்டளை கொடுத்து ‘என்ஃபோர்ஸிங்’ என்று பதில் வந்த ஸ்கிரீன்ஷாட் இருந்தது. தளமும் ஓடியது. பணத்தைக் கொடுத்துவிட்டோம்.

ஜூலையில் ஒரு நாள் காலை, சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்களிடமிருந்து மெயில். உங்கள் ஐபியிலிருந்து வெளியே நிறைய மெஷின்களுக்குக் கனெக்‌ஷன் போகிறது, 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று. உள்ளே போய்ப் பார்த்தால் டிசைன் கோப்புகள் ஏறும் ஃபோல்டரில் நாங்கள் வைக்காத பிஎச்பி ஃபைல் ஒன்று உட்கார்ந்திருந்தது. யாரோ ஏற்றி அதை ஓட்டவும் செய்திருக்கிறார்கள். அப்லோட் பக்கத்தில் இருந்த ஓட்டை எங்கள் பழைய கோடில் இருந்தது, அதற்கு அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெப் சர்வர் தானாக வெளியே கனெக்ட் பண்ணுவதை எஸ்இலினக்ஸ் இயல்பிலேயே தடுத்திருக்க வேண்டும். எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு, யாராவது போய் ஆன் பண்ணாத வரை அது ஆஃப்தான். எங்கள் தளத்துக்கு அது தேவையே இல்லை.

எஸ்இலினக்ஸின் மறுப்புகள் பதிவாகும் ஆடிட் லாகைத் திறந்தேன். வரிசையாக ‘டினைட், நேம்_கனெக்ட், பிஎச்பி-எஃப்பிஎம்’ என்று வரிகள், அதாவது பிஎச்பி வெளியே கனெக்ட் பண்ணப் பார்த்தது மறுக்கப்பட்டது என்று. மறுக்கப்பட்டது என்றுதானே போட்டிருக்கிறது, பிறகு எப்படி வெளியே போனது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. அப்புறம்தான் வரியின் கடைசிக்குக் கண் போனது: பெர்மிசிவ்=1. அதாவது விதிப்படி மறுத்திருக்க வேண்டியது, ஆனால் மறுக்கவில்லை, எழுதி மட்டும் வைத்தேன் என்று அர்த்தம். ஐந்து மாதமாக அந்த சர்வர் நடந்ததையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது, எதையும் தடுக்கவில்லை.

லாகை தினமும் இன்னொரு கணினிக்கு அனுப்பும்படி நான் முன்பே வைத்திருந்ததால் பிப்ரவரி லாகும் கையில் இருந்தது. அதில் எஸ்இலினக்ஸின் நிலை மாறியதைச் சொல்லும் மேக்_ஸ்டேட்டஸ் என்று ஒரு பதிவு: என்ஃபோர்ஸிங்=0, ஓல்ட்_என்ஃபோர்ஸிங்=1. ஆனில் இருந்ததை யாரோ ஆஃப் பண்ணியிருக்கிறார்கள். செய்த லாகின் அவர்களுடையது. நேரம், வேலையை ஒப்படைத்ததற்கு முந்தின நாள் இரவு 11:40. பிடிஎஃபில் இருந்த ஸ்கிரீன்ஷாட்டோ வேலை தொடங்கிய முதல் நாள் மதியம் எடுத்தது, அப்போது எங்கள் தளத்தையே அதில் ஏற்றியிருக்கவில்லை!

எப்படி நடந்திருக்கும் என்றும் தெரிந்துவிட்டது. எங்கள் ஃபைல்களைத் தங்கள் ஹோம் ஃபோல்டரில் பிரித்து, அங்கிருந்து எம்வி கட்டளை கொடுத்து, தளம் இருக்க வேண்டிய எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு நகர்த்தியிருக்கிறார்கள். காப்பி பண்ணினால் போகிற இடத்தின் லேபிள் ஒட்டும், நகர்த்தினால் பழைய லேபிளே கூட வரும். லேபிளைக் காட்டும் எல்எஸ் -இசட் போட்டுப் பார்த்தால் அத்தனை ஃபைலிலும் யூசர்_ஹோம்_டி என்ற ஹோம் ஃபோல்டர் லேபிள். அந்த லேபிளை வெப் சர்வர் தொடக் கூடாது என்பதால் தளம் திறக்கவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்கிற 777 அனுமதியைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அது எஸ்இலினக்ஸிடம் எடுபடாது. கடைசியில் எஸ்இலினக்ஸ் தடுப்பதை நிறுத்தும் செட்என்ஃபோர்ஸ் 0 கட்டளையைப் போட்டு, ரீபூட்டிலும் திரும்ப வராதபடி கான்ஃபிக் ஃபைலிலும் மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். 777-ஐக்கூட அப்படியே விட்டிருந்தார்கள்.

போன் பண்ணினேன். “சார், அது ஆன்ல இருந்தா எந்த சைட்டும் ஓடாதுங்க, எல்லாருமே ஆஃப் பண்ணித்தான் வெப்பாங்க” என்றார் அந்தத் தம்பி. அப்படியானால் எதற்கு 15,000 வாங்கினீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சரி, இப்போது வந்து சரிசெய்து தருகிறோம் என்றார்கள். முதலாளியும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

இரண்டாவது முறை செய்தது இன்னும் மோசம். ஆடிட் லாகில் இருந்த மறுப்பு வரிகள் அத்தனையையும் அப்படியே ஆடிட்2அலவ் கருவிக்குள் கொட்டி, அது எழுதிக்கொடுத்த பாலிசியைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கருவி லாகில் மறுத்தது எதுவோ அதற்கெல்லாம் அனுமதி எழுதித் தரும். அந்த லாகில் பாதி, உள்ளே புகுந்தவன் செய்த காரியங்கள்! வெப் சர்வர் வெளியே கனெக்ட் பண்ணலாம் என்று ஒரு வரி, ஹோம் லேபிள் உள்ள ஃபைல்களில் எழுதலாம் என்று ஒரு வரி. இப்போது கெட்என்ஃபோர்ஸ் கேட்டால் உண்மையாகவே என்ஃபோர்ஸிங் என்று சொல்லும், ஆனால் திருடன் வந்த வழிக்குச் சட்டப்படி கதவு வைத்தாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அந்த மெஷினை அப்படியே எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டு நானே உட்கார்ந்தேன். செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கொடுத்து தளத்தின் ஃபோல்டருக்குப் படிக்கிற லேபிள், அப்லோட் ஃபோல்டருக்கு மட்டும் எழுதுகிற லேபிள் என்று விதி எழுதி, அப்புறம் அந்த லேபிள்களை ஒட்டும் ரீஸ்டோர்கான். உள்வேலைக்கு 8090 போர்ட்டில் ஒரு பக்கம் ஓடுகிறது, அந்த எண்ணை வெப் சர்வருக்கு அனுமதித்த போர்ட்டுகளின் லேபிளான எச்டிடிபி_போர்ட்_டியில் சேர்த்தேன். சிஸ்டம் முழுவதையும் பெர்மிசிவ் ஆக்காமல், செமானேஜ் பெர்மிசிவ் -ஏ எச்டிடிபிடி_டி என்று வெப் சர்வரை மட்டும் நான்கு நாள் அந்த நிலையில் விட்டு, லாகில் வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, எங்கள் தளத்துக்கு நிஜமாகவே தேவையானதை மட்டும் சரிசெய்துவிட்டு அந்த பெர்மிசிவ் நிலையை எடுத்துவிட்டேன். அப்லோட் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி என்ஜின்எக்ஸிலும் போட்டாயிற்று. கை வைத்து உழைத்த நேரம் மொத்தமாக ஒன்றரை நாள். அதைச் செய்யத்தான் அவர்களுக்குக் காசு கொடுத்தோம்.

நீங்கள் ஒப்படைப்பு வாங்கும்போது ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் கண் முன்னால் ரீபூட் பண்ணச் சொல்லி, செஸ்டேட்டஸ் கட்டளை கொடுத்து, இப்போதைய நிலையும் கான்ஃபிக் ஃபைலில் உள்ள நிலையும் இரண்டுமே என்ஃபோர்ஸிங்தானா என்று பாருங்கள். செமானேஜ் பெர்மிசிவ் -எல் கேட்டால் எந்த சர்வீஸையாவது தனியாக அவிழ்த்துவிட்டிருக்கிறார்களா என்று தெரியும். செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -எல் -சி கொடுத்தால் இயல்பாக வராமல் புதிதாகச் சேர்த்த லேபிள் விதிகளை மட்டும் காட்டும், அது காலியாக இருந்து உங்கள் தளமும் வழக்கமில்லாத ஃபோல்டரில் இருந்தால் யாரும் எந்த வேலையும் செய்யவில்லை. போர்ட்டுக்கும் பூலியனுக்கும் (மேலே சொன்ன மாதிரி ஆன்/ஆஃப் ஸ்விட்ச்) இதே மாதிரி -எல் -சி உண்டு. தனியாக பாலிசி மாட்யூல் ஏற்றியிருந்தால், விதிகள் எழுதியிருக்கும் அதன் டிஇ ஃபைலைக் கேளுங்கள், வரி வரியாக இது எதற்கு என்று கேளுங்கள், அதை எழுதியவரால் சொல்ல முடிய வேண்டும். உபுண்டு என்றால் அங்கே எஸ்இலினக்ஸ் இடத்தில் ஆப்ஆர்மர், ஏஏ-ஸ்டேட்டஸ் கட்டளையில் உங்கள் சர்வீஸ் என்ஃபோர்ஸ் பட்டியலில் இருக்கிறதா, தடுக்காமல் எழுதி மட்டும் வைக்கும் கம்ப்ளெயின் பட்டியலில் இருக்கிறதா, இல்லை பட்டியலிலேயே இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், பணத்தைத் திருப்பித் தருவது பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மேக்_ஸ்டேட்டஸ் வரியை அச்செடுத்து அனுப்பிய பிறகு 15,000-ஐ மட்டும் தருகிறோம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். முழுத் தொகையும் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.