"எல்லாக் கலையும் ஒரே இடத்தில்" என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

கராத்தேயா, ஜூடோவா, டேக்வாண்டோவா, குத்துச்சண்டையா, எதைக் கற்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் குழப்பத்தையே முதலாக வைத்து வியாபாரம் செய்யும் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, தோள்பட்டைக் காயத்தோடு வெளியே வந்தேன். கூடத்தின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் நடக்கும் இடங்கள் வேறு பெயர்களில் இருக்கின்றன. அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த முறையைத்தான்.

ஜூடோ எடுப்பதா, கராத்தே எடுப்பதா என்று கேட்கத்தான் அங்கே போனேன். நல்ல ஆசிரியர் என்றால் இதற்குப் பதில் சொல்லும் முன் நம்மிடம் நாலு கேள்வி கேட்பார். எதற்காகக் கற்கிறீர்கள்? முட்டியிலோ முதுகிலோ பழைய காயம் உண்டா? முகத்தில் அடி விழுவதைத் தாங்கிக்கொள்வீர்களா? அடுத்தவரோடு கட்டிப் புரள்வதில் கூச்சம் உண்டா? அங்கே ஒரு கேள்வியும் வரவில்லை. "எதுக்குங்க ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்? எங்க சிஸ்டத்துல கராத்தே, ஜூடோ, ஜியு-ஜிட்சு, முவாய் தாய், ஆயுதம் எல்லாமே இருக்கு. ஒவ்வொண்ணுலயும் சிறந்ததை மட்டும் எடுத்து எங்க மாஸ்டர் உருவாக்கினது" என்றார்கள். குழம்பிப் போயிருக்கும் ஒருவருக்கு இதைவிட நிம்மதியான பதில் கிடையாது. அதனால்தான் இப்படிச் சொல்கிறார்கள்.

இலவச முதல் வகுப்பை அந்த மாஸ்டரே நடத்தினார். நன்றாகவே நடத்தினார், அதை மறைக்க மாட்டேன். பணம் கட்டிய பிறகு அவரை பெல்ட் எக்ஸாம் நாட்களில் மட்டுமே பார்க்க முடிந்தது. தினசரி வகுப்பு எடுத்தது பள்ளிப்படிப்பு முடிக்காத ஒரு மாணவன். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை. "உதவிப் பயிற்சியாளர்" என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து, சம்பளம் இல்லாமல் அவனை வேலை வாங்கினார்கள்.

கற்றுக்கொடுத்தது எப்படி இருந்தது என்று சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கும்போது அது அசல் பயிற்சி போலவே இருக்கும். எதிரே நிற்பவர் ஒரு குத்து விடுவார். விட்ட கையை மடக்காமல் நீட்டியபடியே நிற்பார். நாம் அதைத் தட்டிவிட்டு, விலாவில் முழங்கையால் இடித்து, மணிக்கட்டை முறுக்கி, காலைத் தட்டிக் கீழே கிடத்த வேண்டும். இத்தனையும் முடியும்வரை அவருடைய இன்னொரு கை இடுப்போரமாகச் சும்மா இருக்கும். கத்திக்கும் இதே கதைதான். ரப்பர் கத்தியோடு ஒரு முறை குத்திவிட்டு அப்படியே உறைந்து நிற்பார்கள். நிஜத்தில் கத்தி வைத்திருப்பவன் குத்திய வேகத்தில் இழுத்து மறுபடி மறுபடி குத்துவான் என்பது யோசித்துப் பார்த்தால் யாருக்கும் புரியும். அங்கே அதை யோசிக்க யாருக்கும் அவகாசம் தரவில்லை. அடுத்த பெல்ட்டுக்கான அடுத்த வரிசை அசைவுகள் தயாராகக் காத்திருக்கும்.

எதிராளி நிஜமாகவே எதிர்த்து மோதும் பயிற்சியான ஸ்பாரிங் எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். "நம்ம டெக்னிக் எல்லாம் உயிர்நிலையைத் தாக்குறது. நிஜமா செஞ்சா எதிராளி செத்துடுவான். ஸ்பாரிங் எல்லாம் விளையாட்டுக் கலைகளுக்குத்தான்" என்றார் மாஸ்டர்.

இந்த வாதத்துக்குப் பதில் 1882ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஜப்பானின் பழைய ஜுஜுட்சு மரபுகள் இரண்டைக் கற்ற கானோ ஜிகோரோ, அந்த ஆண்டு கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கினார். முழு வேகத்தில் பழகினால் ஆளை முடமாக்கிவிடக்கூடிய உத்திகளைத் தனியாகப் பிரித்து, கட்டா வடிவில், அதாவது முன்பே வகுத்த அசைவு வரிசையாக மட்டும் வைத்துக்கொண்டார். மீதியை, எதிராளி முழு பலத்தோடு மறுக்கும் ரண்டோரி பயிற்சியில் தினமும் பழக வைத்தார். மறுக்கும் உடம்பின்மேல் பழகிய எளிய உத்தி, காற்றில் மட்டுமே பழகிய கொலை உத்தியைவிடப் பயன்படும் என்பது அவர் கண்ட விஷயம். குத்துச்சண்டையில் கையுறை, பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பிடிபட்டவர் கையால் தட்டியதும் பிடியை விடும் வழக்கம், கராத்தேயில் இருவர் மோதும் குமிதேயின் விதிகள் எல்லாமே மறுக்கும் ஆளோடு தினமும் மோதி, மறுநாளும் காயமில்லாமல் வகுப்புக்கு வருவதற்காக உண்டான ஏற்பாடுகள். அந்த ஏற்பாட்டையே "விளையாட்டு" என்று ஒதுக்குகிறவரிடம் பிறகு கற்க என்ன மிச்சம் இருக்கிறது?

கட்டாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. தனியாக ஒரு கட்டாவைப் பிழையில்லாமல் செய்வதும், சிலம்பத்தில் கம்பு சுற்றுவதும் உடம்புக்கும் மனதுக்கும் தரும் ஒழுங்கு பெரியது. அதற்காகவே ஒருவர் கற்கலாம், அது முழுமையான காரணம். அதையே தெருச்சண்டைக்கான தற்காப்பு என்று விற்பதைத்தான் சொல்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

என்னை மிகவும் பாதித்த விஷயம் என் பணமோ காயமோ இல்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தார். வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒருவன் பின்தொடர்ந்து வந்ததால்தான் சேர்ந்ததாகச் சொன்னார். கையைப் பிடித்தால் விரலை மடக்கி விடுவித்துக்கொள்ளும் உத்தியை அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருநாள் அவர் வகுப்பிலேயே பலசாலியான ஒருவரைக் கூப்பிட்டு, "நிஜமாவே இறுக்கிப் பிடிங்க, விடாதீங்க" என்றார். அவர் பிடித்தார். உத்தி வேலை செய்யவில்லை. மறுபடி முயன்றார், வரவில்லை. மாஸ்டர் அன்று அங்கே இருந்தார். "ஒத்துழைக்காம பிடிச்சா எப்படிங்க கத்துக்க முடியும்?" என்று அந்த ஆளைக் கடிந்துகொண்டு, பெண்ணிடம், "பயத்துல இருக்கும்போது உங்களுக்குத் தானா சக்தி வரும், கவலைப்படாதீங்க" என்றார். அந்தப் பெண் தலையாட்டினார். அவர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கூடத்தில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி என்றுகூடச் சொல்வேன். தாக்குகிறவன் ஒத்துழைக்கப் போவதில்லை என்று தெரிந்துதானே அவர் அங்கே வந்தார்? ஓடித் தப்ப வேண்டிய நேரத்தில் நின்று விரலை மடக்கப் பார்க்கும்படி ஒருவரைப் பழக்குவது ஏமாற்று வேலையைவிட மோசமானது.

பிறகு அவரைத் தனியாகச் சந்தித்து, எனக்குப் புரிந்ததை எல்லாம் சொன்னேன். இப்போது வேறு இடத்தில் குத்துச்சண்டை கற்கிறார்.

என் காயம் வந்தது "ஜூடோ பகுதி" என்று அவர்கள் சொன்ன பாடத்தில். எதிராளியின் காலைப் பின்புறமாகக் கொக்கி போட்டு மல்லாக்க வீழ்த்தும் ஓசோட்டோ-காரியை, கீழே விழக் கற்றுத்தராமலேயே, மெல்லிய விரிப்பின்மேல் செய்ய வைத்தார்கள். புதியவர்களுக்குத் தலையில் பலத்த அடி ஏற்படுத்துவதில் பேர்போன வீச்சு அது. பின்தலை நேராகத் தரையில் மோதும். எனக்குத் தலை தப்பியது, தோளில் இறங்கியது. வகுப்பில் முதலுதவிப் பெட்டிகூட இல்லை. ஒழுங்கான ஜூடோ வகுப்பில் முதல் பாடமே உகேமி, அதாவது விழும் கலை. தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, பின்தலை படாமல், கையால் விரிப்பை அறைந்து வேகத்தைக் குறைக்க வேண்டும். அது கைவரும்வரை புதியவரை யாரும் முழு வேகத்தில் தூக்கி எறிய மாட்டார்கள். சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். விழக் கற்றுத்தராமல் வீச்சைக் கற்றுத்தந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து பெல்ட். "இத்தனை காலத்தில் பிளாக் பெல்ட் உறுதி" என்று ஒரு திட்டம் விற்றார்கள். அதற்குத்தான் மொத்தக் கட்டணம். அதற்குமேல் ஒவ்வொரு எக்ஸாமுக்கும் தனிக் கட்டணம், சான்றிதழுக்குத் தனி, யூனிஃபார்ம் அவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். எக்ஸாமில் தோற்றவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. சான்றிதழில் ஏதோ ஒரு "சர்வதேசக் கூட்டமைப்பு" முத்திரை இருந்தது. அந்தக் கூட்டமைப்பின் தலைவர் யார் என்று தேடிப் பார்த்தேன். அதே மாஸ்டர். தனக்கு 10ஆம் டான் என்று போட்டுக்கொண்டிருந்தார். டான் என்பது பிளாக் பெல்ட்டின் படிநிலை, 10 என்பது உச்சம். ஜூடோவின் தாயிடமான கோடோகான், தன் வரலாறு முழுவதிலும் 10ஆம் டானை இருபது பேருக்குக்கூடக் கொடுத்ததில்லை.

டான் வரிசையைத் தற்காப்புக் கலைக்குள் கொண்டுவந்தவரும் கானோதான், 1883இல். கராத்தேயில் அதன் முன்னோடி ஆசிரியரான ஃபுனகோஷி முதல் டான்களை வழங்கியது 1924இல். ஆக, இது ஆதிகாலத்து மரபு இல்லை, மனிதர்கள் உண்டாக்கிய ஏற்பாடு. பெல்ட் என்பது வழங்கும் அமைப்பின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பைப் பொறுத்தது. அந்த அமைப்பை நாமே சரிபார்க்கலாம். டேக்வாண்டோ என்றால் தென்கொரியாவில் இருக்கும் அதன் தலைமையகமான குக்கிவோன் வழங்கும் சான்றிதழா என்று கேளுங்கள், எண்ணை வைத்து அவர்களிடமே உறுதிப்படுத்திக்கொள்ள முடியும். அங்கே 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டான் கிடையாது, பூம் என்ற தனித் தரம்தான். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கே குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் ஐபிஜேஜேஎஃப் என்ற அதன் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி 19 வயதுக்கு முன் பிளாக் பெல்ட் கிடையாது, நடைமுறையில் பத்தாண்டு அளவுக்கு உழைப்பு தேவைப்படுகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, "உங்க பையனுக்கு எட்டு வயசுல பிளாக் பெல்ட்" என்று சொல்பவரைப் பாருங்கள்.

காயம் ஆறிய பிறகு ஒரு உண்மையான ஜூடோ வகுப்பில் சேர்ந்தேன். பழைய சான்றிதழைக் காட்டியபோது அங்கிருந்த ஆசிரியர் மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது இங்கே செல்லாதுங்க. வெள்ளையிலிருந்து தொடங்குவோம்" என்றார். ரண்டோரியில் என்னைவிட எடை குறைந்த, சில மாதங்களே பழகியிருந்த ஒருவர் என் சட்டைக் கழுத்தைப் பிடித்ததும், மனப்பாடம் செய்த எந்த அசைவும் வெளியே வரவில்லை. அவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

எந்தக் கலை என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு கலையும் தன் விதிகள் அனுமதிப்பதில்தான் கூர்மையாகிறது. உலக டேக்வாண்டோ போட்டிகளில் முகத்தில் குத்த அனுமதி இல்லை, அதனால் கால் அபாரமாக வளர்கிறது, கைக்காவல் தாழ்ந்துவிடுகிறது. கியோகுஷின் என்ற கராத்தே பிரிவில் உடம்பில் நிஜ அடி உண்டு, முகத்துக்கு முஷ்டி கிடையாது. குத்துச்சண்டை முகத்தைக் காக்கவும் நகரவும் மற்றவற்றைவிட வேகமாகக் கற்றுத்தரும், ஆனால் யாராவது கட்டிப்பிடித்தால் அங்கே நடுவர் பிரித்துவிடுவார். தாய்லாந்தின் முவாய் தாயில் அந்தக் கட்டிப்பிடியிலேயே முழங்காலும் முழங்கையும் வேலை செய்யும். ஜூடோ நின்ற நிலையில் பிடித்து வீழ்த்தும், 2013 முதல் சர்வதேசப் போட்டிகளில் கையால் காலைப் பிடிக்கத் தடை. தரையில் விழுந்த பிறகு என்ன செய்வது என்பதை ஜியு-ஜிட்சு அளவுக்கு மற்றவை கற்றுத்தருவதில்லை. 1993இல், பல கலைக்காரர்களும் ஒருவரோடொருவர் மோதிய முதல் யூஎஃப்சி போட்டியில், ஜியு-ஜிட்சுக்காரரான ஹாய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனமானவர்களை வென்றது அதனால்தான்.

அதற்குப் பிறகு வளர்ந்த எம்எம்ஏ என்ற கலப்புத் தற்காப்புக் கலை எல்லாவற்றையும் கலக்கத்தான் செய்கிறது, உண்மையாகவே கலக்கிறது. நல்ல எம்எம்ஏ கூடத்தில் குத்துக்கு ஒரு பயிற்சியாளர், மல்யுத்தத்துக்கு வேறொருவர் என்று இருப்பார்கள், ஸ்பாரிங் வாராவாரம் நடக்கும். ஆகவே கலப்பு என்பதே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஸ்பாரிங் இல்லாத கலப்பைப் பற்றித்தான் எச்சரிக்கிறேன். என் கருத்தில், சுமாரான கலையும் நல்ல ஆசிரியரும் கிடைத்தால் தயங்காமல் சேரலாம். புகழ்பெற்ற கலையாக இருந்தாலும் மறுக்கும் ஆளோடு பழக விடாத ஆசிரியரிடம் சேர வேண்டாம்.

பணம் மாதாமாதம் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டச் சொல்லி, "இன்னைக்குச் சேர்ந்தா மட்டும் தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடுங்கள், நல்ல கூடம் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் ரசீது, ஒப்பந்தம், அவர்கள் அனுப்பிய செய்திகள், காயம் என்றால் மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். திரும்பக் கேட்பதை வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டதற்கு, "காயங்களுக்கு மாணவரே பொறுப்பு, கட்டணம் திரும்பத் தரப்படாது" என்ற ஒப்பந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். வாக்களித்த மாஸ்டர் வகுப்பே எடுக்கவில்லை என்பதற்கு அவர்களின் விளம்பரமும் வகுப்பு அட்டவணையும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.