கோட்டை முற்றமா, ஏரிக்கரையா? டிசம்பரில் டிஸ்னிலேண்ட் பாரிஸ் போகிறவர்களுக்கு

போன வாரம் டிக்கெட் வாங்கிவிட்டோம். டிசம்பர் கடைசியில் டிஸ்னிலேண்ட் பாரிஸ், இரண்டு நாள், கோட்டை இருக்கும் பழைய பூங்காவுக்கு மட்டும். பாரிஸில் படிக்கும் அக்கா மகன் இதைக் கேட்டதும் போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டான். "சித்தி, 11 மணி நேரம் பறந்து வந்துட்டு, புதுசா கட்டின ஏரியைப் பார்க்காமலா போகப் போறீங்க?"

அவன் கோபம் எனக்குப் புரிகிறது. டிஸ்னி ரசிகர்கள் இருக்கும் இடத்திலெல்லாம் இப்போது இதே பேச்சுதான். ஒரு பூங்காவின் நடுப்பகுதி எப்படி இருக்க வேண்டும்? கோட்டையை நோக்கிய வட்ட முற்றமா, நடுவில் ஏரி வைத்து அதைச் சுற்றி நடப்பதா? நான் முற்றத்தின் பக்கம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம் ரீயூனியன் தீவிலிருந்து போகும் குடும்பங்கள் நிறைய இருப்பதால், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய பூங்கா 1992 ஏப்ரல் 12 அன்று திறந்தது. கடைத்தெரு வழியாக உள்ளே நடந்தால் சென்ட்ரல் பிளாசா என்ற முற்றத்துக்கு வருவோம். எதிரே இளஞ்சிவப்புக் கோட்டை. அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பாதைகள் ஃப்ரான்டியர்லேண்ட், அட்வென்ச்சர்லேண்ட், ஃபேன்டசிலேண்ட், டிஸ்கவரிலேண்ட் என்று பிரிந்து போகும். 1955இல் கலிபோர்னியாவில் வால்ட் டிஸ்னி முதன்முதலில் கட்டிய பூங்காவின் அமைப்பே இதுதான். பக்கத்துப் பூங்கா 2002 மார்ச் 16 அன்று வால்ட் டிஸ்னி ஸ்டுடியோஸ் என்ற பெயரில் வந்தது. சினிமா ஸ்டுடியோ மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டியதால், நடுப்பகுதி என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை என்பது ரசிகர்களின் பல வருடக் குறை. 2018 பிப்ரவரியில் 200 கோடி யூரோ செலவில் விரிவாக்கம் என்று அறிவித்தார்கள். ஒரு நீண்ட நடைபாதை, அதன் முடிவில் ஏரி, ஏரிக்கு அப்பால் ஃப்ரோஸன் படத்து ஊரும் பனிமலையும். 2026 மார்ச் 29 முதல் பூங்காவின் பெயரும் டிஸ்னி அட்வென்ச்சர் வேர்ல்ட் என்று மாறியது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒன்று கோயிலைச் சுற்றிய வீதி, மற்றது தெப்பக்குளம். மதுரையில் மாசி வீதியில் எங்கே வழி தவறினாலும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் வழி தேடிக்கொண்டு யாரும் போவதில்லை. போனால் படிக்கட்டில் உட்கார்ந்து நடு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டுமே அழகு, ஆனால் வேலை வேறு வேறு.

ஏரிக்கு உள்ள பெருமைகளை நான் மறுக்கவில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சி, கூட்டம் ஒரே இடத்தில் அடைக்காது, இரவில் தண்ணீர் மேல் ஒளி விழும்போது இன்னும் அழகு. ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 1982 முதல் இப்படித்தான், நடுவில் ஏரி, சுற்றிப் பல நாடுகளின் கட்டடங்கள், இப்போது 11. டோக்கியோ டிஸ்னிசீயில் வாசலைத் தாண்டியதும் துறைமுகம். 2001இல் திறந்த அந்தப் பூங்காவைத்தான் உலகத்திலேயே அழகானது என்று பாதி ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். அக்கா மகனும் அந்தக் கட்சிதான். புதுப் பகுதி திறந்த சில வாரங்களில் போய்வந்து, ஏரிக்கு அந்தக் கரையில் பனிமலை தெரியும் படத்தை எனக்கு அனுப்பினான். உண்மையிலேயே மனதை அள்ளும் காட்சி. ரசிகர்கள் "வீனி" என்பார்களே, தூரத்திலிருந்தே ஆளை இழுக்கும் உயரமான பொருள், வால்ட் டிஸ்னியே வைத்த பெயர், அந்த வேலையை அந்த மலை நன்றாகச் செய்கிறது. நம் தீவின் சேன்-தெனியில் ழார்தென் தெ லெத்தா தோட்டத்துக்குள் நுழைந்ததும், பனைமரப் பாதையின் கடைசியில் நிற்கும் அருங்காட்சியகம் நம்மை இழுக்கிறதே, அதே மாதிரி.

ஏரிக்கு எதிராக ரசிகர்கள் சொல்வது பெரும்பாலும் நடைதான். எப்காட் ஏரியை ஒரு சுற்று வர ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சுற்றில் பாதி போன பிறகு திரும்ப நினைத்தால், குறுக்கே நடந்து போக வழி கிடையாது. முற்றத்தில் அந்தத் தொல்லை இல்லை, எந்தப் பகுதியிலிருந்தும் நடுவுக்கு வந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். சரி, இதெல்லாம் எல்லோரும் பேசுவது.

நான் பேச வந்தது கூரை. ரீயூனியன் பள்ளிகளின் நீண்ட விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி கடைசி வரை போகிறது. நமக்கு அது கொதிக்கும் கோடை, புயல் காலம். அங்கே நடுக்குளிர். 30 டிகிரியில் விமானம் ஏறி 5 டிகிரியில் இறங்குகிறோம். அதிலும் காவடிக்கு விரதம் இருக்கும் வீடுகள் தைப்பூசத்துக்கு முன்பே ஊர் திரும்பிவிட வேண்டும். ஆகவே டிசம்பர் கடைசி, இல்லையென்றால் ஜனவரி முதல் வாரம். பாரிஸில் அந்த நாட்களில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மழை நம் ஊர் மாதிரி கொட்டாது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். அந்தத் தூறலோடு காற்றும் சேர்ந்தால் கம்பளிக் கோட்டு இருந்தும் பயனில்லை.

2024 ஜனவரி முதல் வாரத்தில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மாமியார் சேன்-ஆந்த்ரேயில் பிறந்து வளர்ந்தவர். அறுபத்தொன்பது வயது வரை குளிர் என்றால் சிலாவோஸ் மலைக் குளிர்தான் அவருக்குத் தெரியும். பூங்காவுக்கு முந்தின நாள், பாரிஸுக்கு வெளியே ஒரு ஏரிக்கரைத் தோட்டத்துக்கு நடக்கப் போனோம். பத்து நிமிடத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. திறந்த தண்ணீர் மேல் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை, குடை இரண்டு முறை திரும்பிக்கொண்டது, ஒதுங்க ஒரு கூரைகூட இல்லை. அத்தை கை விறைத்துப்போய், விரல்களை மடக்க முடியாமல் நின்றார். அன்று இரவு முழுக்க எனக்கு ஒரே பயம், நாளைக்கு இவரை எப்படி நாள் முழுக்க வெளியில் வைத்திருப்பது என்று.

மறுநாளும் அதே தூறல். ஆனால் கோட்டைப் பூங்காவில் கடைத்தெருவின் இரண்டு பக்கமும், கடைகளுக்குப் பின்னால், கூரை போட்ட நீண்ட நடைக்கூடங்கள் இருக்கின்றன. இடது பக்கம் லிபர்ட்டி ஆர்கேட், வலது பக்கம் டிஸ்கவரி ஆர்கேட். கடைகளுக்கு உள்ளிருந்தே கதவு வழியாக அங்கே போகலாம். கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் இப்படி ஒன்று கிடையாது. டோனி பாக்ஸ்டர் தலைமையில் வடிவமைத்தவர்கள் வட ஐரோப்பாவின் வானிலையை நினைத்துச் சேர்த்தது. வாசல் பக்கத்திலிருந்து முற்றத்தின் ஓரம் வரை நனையாமல் வந்துவிடலாம். லிபர்ட்டி பக்கத்தில் சுதந்திர தேவி சிலையின் கதை, டிஸ்கவரி பக்கத்தில் பழைய கண்டுபிடிப்புகளின் மாதிரிகள் கண்ணாடிப் பெட்டிகளில். அத்தை ஒரு பெட்டியையும் விடாமல் பார்த்துக்கொண்டே நடந்தார்.

முற்றம் திறந்தவெளிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் எங்கே நின்றாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு கூரை வந்துவிடும். நேரே போனால் கோட்டையே ஒதுங்கும் இடம். மாடியில் கண்ணாடி ஓவியங்கள், கீழே டிராகன் குகை. வலது பக்கம் திரும்பினால் கஃபே ஹைபீரியன் என்ற பெரிய கூடம். சிதம்பரத்திலும் ராமேஸ்வரத்திலும் பிரகாரம் எதற்குக் கட்டினார்களோ அதே புத்தி. சுற்றி வருகிறவர் வெயிலிலும் மழையிலும் வாடக் கூடாது. அன்று மாலை வரை அத்தை எங்களோடு இருந்தார். மூன்று முறை ஆர்கேடுக்குள் வந்து உட்கார்ந்தார், காபி குடித்தார், மறுபடி கிளம்பினார். அந்த நடைக்கூடங்கள் இல்லையென்றால் பதினோரு மணிக்கே ஹோட்டலுக்குத் திரும்பியிருப்போம்.

பக்கத்துப் பூங்காவுக்கும் இது தெரியாததில்லை. அதன் கடைத்தெரு முழுவதுமே ஒரே கட்டடத்துக்குள் இருக்கிறது. முன்பு ஸ்டுடியோ 1, இப்போது வேர்ல்ட் பிரீமியர். நுழைந்ததும் கதகதப்பு. ஆனால் அதைத் தாண்டித்தான் நீண்ட நடை தொடங்குகிறது. ஏரிக்கரையில் நிற்பதே அங்கே அனுபவம். காற்று வாங்கக் கட்டிய இடத்தில் காற்றுக்கு மறைப்பு வைத்தால் காட்சி போய்விடும். அதனால் இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், அந்த வடிவத்தின் இயல்பு அது. அக்கா மகனும், ஏப்ரலிலேயே சாயங்காலம் கரையில் குளிர் தாங்கவில்லை என்றான். அவனுக்கு இருபது வயது.

நான் குளிர்காலத்தில் மட்டுமே போயிருக்கிறேன், ஏரியையும் படத்தில்தான் பார்த்தேன். ஜூலை, ஆகஸ்டு விடுமுறையில் போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழாக மாறலாம். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் நாளில், தண்ணீர் ஓரம் உட்கார்ந்து சாப்பிடுவதைவிடச் சுகம் வேறு என்ன? நடைபாதை ஓரத்து மரங்கள் வளர்ந்து நிழல் கொடுக்க ஆரம்பித்தால் அந்தப் பக்கம் இன்னும் பலம் கூடும். வரைபடத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். 2018 அறிவிப்பில் அந்த ஏரிக்கரையில் ஸ்டார் வார்ஸ் பகுதியும் இருந்தது. அது கைவிடப்பட்டு, லயன் கிங் பகுதி வருகிறது. எப்காட்டின் நடுப்பகுதிக்கு 2019இல் மூன்று தளக் கட்டடமும் மேலே தோட்டமும் என்று படம் காட்டினார்கள். 2024இல் திறந்தது அதைவிட மிகச் சிறியது. பழைய நீரூற்றையும் எடுத்துவிட்டதால் ரசிகர்களுக்கு இன்றும் மனத்தாங்கல்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. இரவுக் காட்சியைப் பார்க்க இடம் போதவில்லை, பாரிஸ் முற்றத்தையும் அகலப்படுத்த வேண்டும் என்று சில ரசிகர்கள் கேட்கிறார்கள். ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டமில் 2015இல் அப்படித்தான் செய்தார்கள். நிற்க இடம் கிடைத்தது, ஆனால் நிழல் மரங்கள் போய்விட்டன என்று அங்கே வருந்துகிறவர்களும் உண்டு. பாரிஸில் கைவைத்தால், மரத்தையும் திண்டையும் எடுக்காமல், ஆர்கேடிலிருந்து கோட்டை வாசல் வரை ஒரு கூரைப்பாதையைச் சேர்த்தால் நான் கைதட்டுவேன். அந்தச் சில நிமிட நடைதான் அத்தையின் முழங்காலுக்கும் செருப்புக்கும் இன்னும் சோதனை.

அக்கா மகனோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இரண்டாம் நாள் மதியம், பெரியவளை மட்டும் அவன் ஏரிப் பக்கம் கூட்டிப்போவான், அவளுக்கு டிக்கெட் அவன் செலவு. நானும் அத்தையும் சின்னவனும் லிபர்ட்டி ஆர்கேடில் காத்திருப்போம். அத்தை இப்போதே பிளாஸ்கில் இஞ்சி டீ போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.