வீவக வீட்டுக்குள் பின்பால்: எஃகுப் பந்தா, திரைப் பந்தா?

கண்ணாடி மூடிய சாய்தளத்தில் ஓடும் பந்தை, பொத்தானால் இயங்கும் துடுப்புகளால் அடித்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் பின்பால். அதன் பந்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 80 கிராம். அந்த எஃகு உருண்டை வீட்டுக்குள் நிஜமாகவே ஓட வேண்டுமா, திரையில் ஓடினால் போதுமா என்று யோசிப்பவருக்குச் சிங்கப்பூரில் மூன்று வழிகள் உண்டு. நிஜ இயந்திரம் வாங்கலாம். அதே வடிவப் பெட்டிக்குள் திரைகளைப் பொருத்திய மெய்நிகர் பெட்டி கட்டலாம். கணினியிலோ கன்சோலிலோ மென்பொருளாக ஆடலாம். பேச்சு பெரும்பாலும் விலையில்தான் தொடங்கும். ஆனால் விலைக்கு முன்னால் இடமும் சத்தமும் ஈரமும் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன.

இடத்தை முதலில் பார்ப்போம். வழக்கமான அளவுள்ள நிஜ இயந்திரம் சுமார் 140 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம், 190 செ.மீ. உயரம், 115 கிலோ எடை. பலர் அளக்க மறப்பது கண்ணாடியை. மேல்கண்ணாடி ஆடுபவர் பக்கமாகத்தான் உருவி வரும். அதன் நீளமே 109 செ.மீ. ஆகவே இயந்திரத்துக்கு முன்னால் அவ்வளவு வெற்றிடம் வேண்டும். நான்கறை வீட்டின் வசிப்பறையில் சோபாவை நகர்த்தினால் சரிவரும். வீட்டோடு வரும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்ட்டருக்குள் வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். இயந்திரம் உள்ளே போனாலும் ஆடுபவர் வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும்.

எடையைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு பெரியவர்கள் நிற்கும் பாரம்தான் அது. கவலைப்பட வேண்டியது கீழ்வீட்டாரை நினைத்து. பந்தை அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பர், பந்து மோதினால் எற்றித் தள்ளும் பம்பர், ஸ்லிங்ஷாட் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு மின்காந்தச் சுருள் இழுத்து அடிக்கிறது. அந்த அடி நான்கு கால்கள் வழியே தரைக்கு இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் தட்டும் ஓசையாகக் கேட்கும். ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்தால் இசை குறையும், இந்த அடி குறையாது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் தடித்த ரப்பர் அட்டை, அதற்குக் கீழே கம்பளம் என்று இரண்டு அடுக்கு போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இலவச ஆட்டம் கிடைத்ததும் மரப்பெட்டியில் ‘டப்’பென்று அறையும் நாக்கர் சுருளின் இணைப்பைக் கழற்றிவிடலாம். இத்தனை செய்தாலும் இரவு பத்தரைக்கு மேல் நிஜ இயந்திரம் ஆடுவது அக்கம்பக்கத்து உறவுக்கு நல்லதல்ல. இந்த ஒரு விஷயத்தில் மென்பொருளுக்கு எதிரே யாரும் நிற்க முடியாது, ஹெட்போன் போட்டால் முடிந்தது.

நிஜ இயந்திரம்தான் என்று முடிவானால் அடுத்த கேள்வி, பழையதா புதியதா. இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். பழையது என்றால் தொல்லை, புதியது என்றால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். பழுது பார்க்கும் இடத்தில் நின்று பார்த்தால் விவகாரம் ஏறக்குறைய தலைகீழ்.

1990களில் பாலி, வில்லியம்ஸ் பெயர்களில் வந்த, டபிள்யூபிசி என்ற மின்னணு அமைப்பில் இயங்கும் இயந்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1992ல் வெளிவந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ மட்டும் 20,270 விற்றது. அவ்வளவு இயந்திரங்கள் உலகில் இருப்பதால் அதற்கான உதிரிப் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மின்சுற்று வரைபடம் கையேட்டிலேயே இருக்கிறது. பலகையில் உள்ளவை பெரும்பாலும் துளையில் செருகிப் பற்றவைக்கும் பெரிய பாகங்கள். சுருள்களை இயக்கும் டிஐபி102 டிரான்சிஸ்டர் போன்றவற்றைத் தேட மின்னணுப் பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் போதும்.

இவ்வகையின் நோய்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. இரண்டு ஃபிளிப்பரையும் ஒருசேர அழுத்தும்போது இயந்திரம் அணைந்து மறுபடி தொடங்கினால், 5 வோல்ட் மின்வழி 4.6 அளவுக்குச் சரிந்து காவல் சில்லு மீட்டமைக்கிறது என்று பொருள். முதலில் மின்மாற்றியிலிருந்து வரும் இணைப்பு முனைகள் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பிஆர்2 என்ற டையோடு பாலம், அதற்கும் பிறகு சி5 என்ற 15,000 மைக்ரோஃபேரட் மின்தேக்கி. இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் மூன்றுக்குள் குற்றவாளி பிடிபடும். ஃபிளிப்பர் சோர்ந்து பந்து ரேம்ப் என்ற ஏற்றப் பாதையில் ஏறாவிட்டால் உடனே சுருளைக் குறை சொல்ல வேண்டாம். உள்ளே இருக்கும் நைலான் குழல், தட்டையாகிப்போன நிறுத்துக்கட்டை, ஆடும் இணைப்புக் கை ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். சுருளையே மாற்ற நேர்ந்தால் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் போட்ட எஃப்எல்-11629 வலிமை கூடியது, சிவப்பான எஃப்எல்-11630 அதைவிடக் குறைந்தது. இடம் மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் பந்து பறக்கும், மறுபக்கம் தவழும்.

வாங்கப் போகும்போது, பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியைத் திறந்து மூளைப் பலகையில் உள்ள மூன்று ஏஏ பேட்டரிகளைப் பாருங்கள். அவற்றைச் சுற்றிப் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கசிந்த காரம் செப்புத் தடங்களைத் தின்றிருக்கிறது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள், அல்லது திரும்பி வாருங்கள். நல்ல பலகையாக இருந்தால் பேட்டரியே தேவைப்படாத நினைவுச் சில்லுக்கு மாற்றிவிடுவது நிரந்தரத் தீர்வு.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டி 115 வோல்ட்டுக்கு அமைத்திருக்கும். நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகக்கூடாது. மின்மாற்றியில் மின்சாரம் உள்ளே வரும் பக்கத்து இணைப்புகளைக் கையேட்டில் உள்ளபடி மாற்ற வேண்டும். கூடவே, மின்பெட்டியில் மிகை மின்னழுத்தத்தைத் தடுக்கும் 130 வோல்ட் வேரிஸ்டரை எடுத்துவிட்டு 275 வோல்ட் வேரிஸ்டர் போட வேண்டும். இரண்டாவதை மறந்தவர் வீட்டில் சுவிட்சைப் போட்ட நொடியில் ஒரு வெடிச் சத்தமும் ஊதிப்போன ஃபியூஸும்தான் மிஞ்சும். வீட்டு மின்சாரத்தில் கைவைத்துப் பழக்கம் இல்லாதவர் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ஸ்டெர்ன் நிறுவனம் செய்யும் புதிய இயந்திரங்கள் வேறு சாதி. ஆடுதளத்தின் அடியில் சிறு சிறு கணுப் பலகைகள், அவற்றை இணைக்கும் வலைக்கம்பி, 48 வோல்ட் சுருள்கள், எங்கும் எல்இடி விளக்குகள். பழைய பெட்டிகளில் சூடான பல்புகள் இணைப்பு முனைகளைக் கருக்கும் தொல்லை இதில் இல்லை. எந்த சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று இயந்திரமே சொல்லும். ஆனால் கணுப் பலகை ஒன்று செத்தால் அதில் உள்ளவை கண்ணுக்கே தட்டுப்படாத மேற்பரப்புப் பாகங்கள். சாதாரணப் பற்றவைப்புக் கோலால் ஒன்றும் நடக்காது. முழுப் பலகையையும் வரவழைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். பற்றவைக்கத் தெரிந்தவருக்குப் பழையது, தெரியாதவருக்கு உத்தரவாதத்தோடு புதியது என்பதே எங்கள் கணிப்பு.

புதியதில் ஸ்டெர்னின் அடிப்படை வகையான ‘புரோ’வின் அமெரிக்க விலை சுமார் 7,000 அமெரிக்க டாலர். இறக்குமதியில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு பொருளின் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை, கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. அந்த இரண்டும் 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 720 டாலர்.

பழையதோ புதியதோ, நம் ஊர்க் காற்றின் ஈரம் இரண்டையும் ஒரே கண்ணோடு பார்க்கிறது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் முதலில் துருப்பிடிப்பது பந்துதான். புள்ளித் துரு விழுந்த பந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடுதளத்தை உப்புத்தாள்போல் தேய்க்கும். பந்தை எடுத்து வெள்ளைத் துணியில் உருட்டிப் பாருங்கள். சாம்பல் கோடு விழுந்தால் மாற்றும் நேரம். ஈரநீக்கியை 55 முதல் 60 விழுக்காட்டில் வைத்தால் மரப்பலகை வளைவதும் பெட்டியின் ஒட்டுப்படம் கொப்பளிப்பதும் தள்ளிப்போகும். இயற்கை ரப்பர் வளையங்கள் வெடித்துப் பொடியாகும், சிலிக்கான் வளையங்கள் நீடிக்கும். ஃபிளிப்பருக்கு மட்டும் இயற்கை ரப்பரே பிடிக்கும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. பந்தைப் பற்றிக்கொள்ளும் விதத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

துருவுக்குப் பயந்து சுருளுக்குள் எண்ணெய் தெளிக்காதீர்கள். நைலான் குழல் உலர்ந்த நிலையில் ஓடுவதற்காகச் செய்தது. எண்ணெயும் கருந்தூளும் சேர்ந்தால் பசையாகி ஃபிளிப்பர் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆடுதளத்தைச் சில நூறு ஆட்டங்களுக்கு ஒருமுறை துடைத்து கார்னூபா மெழுகு பூசுங்கள், அது போதும்.

இனி மெய்நிகர் பெட்டி. ஒரே பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான மேசைகள் (ஒவ்வொன்றும் தனி வடிவமைப்புள்ள ஓர் ஆட்டம்) என்பது பெரிய ஆசைதான். 43 அங்குலத் திரையைப் படுக்க வைத்தால் அதன் படப்பரப்பு ஏறக்குறைய 95 × 53 செ.மீ. நிஜ ஆடுதளம் 107 × 51 செ.மீ. கண்ணுக்கு அது கிட்டத்தட்ட நிஜ அளவு. 32 அங்குலம் என்றால் 71 × 40 தான், மூன்றில் இரண்டு பங்கு நீளம். கடையில் கட்டி முடித்து விற்கும் பெட்டிகளில் இந்த அளவு சகஜம். அதில் ஆடிவிட்டு நிஜ இயந்திரம் முன் நிற்பவருக்குக் குறி தவறுவது இதனால்தான்.

எல்சிடி திரைப் பலகைகளில் விஏ, ஐபிஎஸ் என்ற வகைகள் உண்டு. திரை வாங்கும்போது விஏ வகையைத் தவிருங்கள். நாம் பார்ப்பது திரையின் குறுகிய பக்கத்திலிருந்து, சாய்ந்த கோணத்தில். விஏ வகையில் மேல்பகுதி வெளிறிவிடும். ஐபிஎஸ் தாங்கும். அதைவிட முக்கியம் தாமதம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிவிநாடி நிற்கும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அதற்குள் 33 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், அதாவது தன் உடம்பைவிட அதிகத் தூரம். 120 ஹெர்ட்ஸில் இது பாதியாகும். இதோடு தொலைக்காட்சி தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதம் வேறு. விளையாட்டு நிலைக்கு மாற்றி, அசைவு மெருகூட்டலை அணைக்காவிட்டால், வேகமாக வரும் பந்தை ஃபிளிப்பர் நுனியில் அப்படியே சாகடிக்கும் ‘லைவ் கேட்ச்’ கைகூடவே கூடாது.

உலுக்கலும் இங்கே வேறு மாதிரி. நிஜ இயந்திரத்தில் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினால் பெட்டி நகர்கிறது, பந்து கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. ரப்பர் கம்பம் பந்தை நோக்கி வந்து அடிக்கிறது. அளவு மீறினால் உள்ளே தொங்கும் குண்டு வளையத்தைத் தொட்டு டில்ட் ஆகும், அந்தப் பந்தின் ஆட்டம் அதோடு முடியும். மெய்நிகர் பெட்டியில் முடுக்க உணரி இதை அளந்து பந்தின் மேல் விசையாக மாற்றுகிறது. நன்றாக அளவு திருத்தினால் நம்பும்படி இருக்கும், திருத்தாவிட்டால் பந்து பேய் பிடித்ததுபோல் தானாக நகரும். இலகுவான பலகையில் செய்த பெட்டி தட்டினாலே துள்ளும், ஆகவே அடியில் எடை சேர்ப்பது அவசியம்.

மெய்நிகர் பெட்டியில் மேசைகளை ஓட்டும் விஷுவல் பின்பால் இலவசம். 2000ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவரும் மென்பொருள் அது. நிறுவுவதில் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. நிஜ இயந்திரத்தின் நிரல் அடங்கிய ரோம் கோப்பை ஜிப்பாகவே அதற்குரிய கோப்புறையில் போட வேண்டும், பிரித்துவிட்டால் மேசை தொடங்காது. பின்கண்ணாடிப் படக் கோப்பின் பெயர் மேசைக் கோப்பின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், இல்லையேல் மேல்திரை கறுப்பாகவே கிடக்கும். நிஜ அடி வேண்டும் என்று சோலனாய்டுகளை (மின்காந்தச் சுருள்களை) பொருத்தினால் கீழ்வீட்டுப் பிரச்சினையும் திரும்பி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

வெறும் மென்பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ‘ஸ்பேஸ் கேடட்’ வழியே இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் ஏராளம். இன்று அந்த இடத்தில் ஜென் நிறுவனத்தின் ‘பின்பால் எஃப்எக்ஸ்’. விதிகளைக் கற்க, எந்த ரேம்ப்புக்குப் பிறகு எதை அடிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்ய, இதைவிட மலிவான பள்ளி இல்லை. 27 அங்குலத் திரையை நட்டுவாக்கில் திருப்பி வைத்து ஆடுங்கள், படுக்கைவாக்கில் ஆடினால் பாதித் திரை வீண். கைப்பேசி பேருந்துப் பயணத்துக்கு மட்டும்.

ஆனால் உரிமம் கைமாறினால் மேசைகளும் கைமாறும். ‘தி பின்பால் ஆர்கேட்’ என்ற மென்பொருள் விற்ற வில்லியம்ஸ், பாலி மேசைகள் 2018 ஜூன் 30க்குப் பிறகு அங்கே விற்பனையில் இல்லை, உரிமம் ஜென் பக்கம் போனது. எஃகுப் பந்துக்கு இந்தத் தலைவலி கிடையாது.

எங்கள் யோசனை, ஆறு மாதம் மென்பொருளில் ஆடிப் பாருங்கள். மறுபடி மறுபடி இரண்டு மூன்று மேசைகளுக்கே திரும்பினால் அவற்றில் ஒன்றை நிஜமாக வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு புது மேசை தேடுபவர் என்றால் மெய்நிகர் பெட்டி கட்டுங்கள், திரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

நிஜ இயந்திரம் வரும் நாளுக்கு முன் மின்தூக்கிக் கதவின் அகலத்தையும் உட்புற ஆழத்தையும் அளந்துவிடுங்கள். பின்பெட்டியை மடித்துக் கட்டி, கால்களைக் கழற்றி, தள்ளுவண்டியில் செங்குத்தாக நிறுத்தினால் பெரும்பாலான இடங்களில் புகும். அதற்கும் முன்னால் பந்துகளை எல்லாம் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். செங்குத்தாக நிறுத்தும்போது உள்ளே 80 கிராம் எஃகு உருண்டு விழுந்தால் முதலில் உடைவது ஆடுதளத்தின் மேல் பொருத்திய, எங்கும் கிடைக்காத பிளாஸ்டிக் தகடுதான்.