பனிக்காலத்தில் கராஜ் தரை: விளிம்பு உயர்ந்த மேட், நீண்ட நாள் அனுபவம்

வண்டிக்கு அடியில் விரிக்கும் விளிம்பு உயர்ந்த மேட்டைப் பல குளிர்காலங்களாகப் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வெளியேற்றுவது நம் வேலை.

முதலில், தேங்குவது வண்டியிலிருந்து வடிந்த தண்ணீர்தானா என்று பாருங்கள். தரை காய்ந்திருக்கும்போது ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் ஈரம் கோத்திருந்தால் நிலத்திலிருந்து வருகிறது. மேலே மட்டும் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம். இரண்டுக்கும் மேட் உதவாது.

என் கராஜில் வில்லன், சக்கரத்துக்கு மேலே இறுகி ஒட்டி வரும் பனிச்சேறுதான். அதில் சாலையில் தூவிய உப்பும் கரைந்திருக்கும். உப்புத் தண்ணீர் கான்கிரீட்டின் நுண்துளைகளில் இறங்கி, உறைந்து, உருகி, மறுபடி உறையும். உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகுவதால் தரையின் மேல்பரப்பு செதில் செதிலாக உரியும். மேட் கிடந்த இடத்தில் என் தரை இன்றும் வழவழவென்று இருக்கிறது. கதவோரம், மேட் எட்டாத பட்டை மட்டும் பொரிந்துவிட்டது. ஒரே தரை, ஒரே வண்டி. மேட்டின் அருமைக்கு வேறு சான்று வேண்டாம்.

இனி, வாங்குமுன் பலர் யோசிக்காத விஷயம்: வாட்டம். கராஜ் தரையைக் கதவுப் பக்கம் சற்றுச் சரித்துத்தான் போடுவார்கள். அடிக்கு அரைக்கால் (1/8) அங்குலம் சரிவு என்று வையுங்கள். 16 அடி மேட்டின் இரு முனைகளுக்கும் 2 அங்குலம் உயர வித்தியாசம் வந்துவிடும். விளிம்பு 1 அங்குலம்தான் என்றால், கதவுப் பக்கத்துப் பாதியில் மட்டுமே தண்ணீர் நிற்கும். சமதளத்தில் பிடிப்பதில் கால் பங்குதான் கொள்ளும், அப்புறம் வழியும். எனவே விளிம்பின் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள், நீளம் அடுத்தபடிதான்.

தேங்கியதை ரப்பர் வைப்பரால் வெளியே தள்ளுவது சுலபம். ஆனால் வெளியே கடுங்குளிராக இருந்தால், தள்ளிய தண்ணீர் வாசலிலேயே உறைந்து கதவின் அடி ரப்பரைத் தரையோடு பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் ஈரம் உறிஞ்சும் வேக்கம் கிளீனர்தான் சரி. வண்டியை உள்ளே விடுமுன் சக்கர வளைவில் இருக்கும் சேற்றைத் தட்டி உதிர்த்துவிட்டால் பாதி வேலை குறையும்.

சக்கரம் ஏறி இறங்கும் இடத்தில், நுரை வைத்த விளிம்பு மெல்ல நசுங்குகிறது. இப்போது அங்கே பழைய உயரம் இல்லை, தண்ணீர் முதலில் தாண்டுவதும் அங்கேதான். அடுத்த மேட்டில் நுரையைத் தனியாக மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன்.