மண்ணெண்ணெய் மிசினை விற்று சோலார் போட்டேன்: பதினொரு வருடமும் பதினாறு மாதமும்

நெடுங்கேணிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, நடுவில் ஒரு கட்டுக்கிணறு. கச்சான், மிளகாய், ஓரமாகக் கொஞ்சம் பப்பாசி. 2013 மே மாதம் வவுனியா ரவுனில் புதிதாக வாங்கிய இரண்டு அங்குல மண்ணெண்ணெய் மிசின்தான் பதினொரு வருடம் இந்தக் காணிக்குத் தண்ணீர் இறைத்தது. 2024 ஜூனில் அதை விற்றேன். விற்ற காசையும் போட்டு சோலார் பம்ப் பூட்டி இப்போது பதினாறு மாதம் ஆகிறது. ஊரில் யாரைக் கண்டாலும் "சோலார் எப்படி?" என்று கேட்கிறார்களே தவிர பழைய மிசினை எப்படி விற்றாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கோ சோலாரைப் பூட்டியதை விட இதை விற்றதில்தான் மண்டை காய்ந்தது.

முதலில் அந்த மிசினுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் எரிபொருள் திருகை மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிற்பாட்டப் போகும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் காபுரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த நாள் காலையில் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். என் மச்சான் ஒவ்வொரு முறையும் இதை மறப்பான், ஒவ்வொரு முறையும் இழுப்பது நான். இன்னொன்று ஒயில். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும், அதனால் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஒயில் குறையாமல் கூடியிருக்கும். கூடியிருக்கிறதே என்று சந்தோசப்பட்டால் என்ஜின் போய்விடும். மணந்து பார்க்க வேண்டும், மண்ணெண்ணெய் மணத்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் கவனித்ததால் பதினொரு வருடத்தில் பெரிய செலவு என்று பார்த்தால் ஒருமுறை வால்வு வேலை, இரண்டு முறை பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல், கணக்கில்லாத பிளக்குகள். அவ்வளவுதான்.

பிறகு 2022இன் நெருக்கடி வந்தது. பெற்றோலுக்கு வரிசை, அப்புறம் கியூஆர் காட்டிப் பங்கீடு, அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தோட்டக்காரனையும் கடற்றொழிலாளியையும் உண்மையாக அடித்தது ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியதுதான். என் மிசின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் குடிக்கும். வெயில் காலத்தில் ஒரு இறைப்புக்கு நாலு மணித்தியாலம். 348 ரூபாவுக்கு இறைத்த தண்ணீரை 1,360 ரூபாவுக்கு இறைத்தேன், மிளகாய் விலை அப்படி ஏறவில்லை. பிறகு மண்ணெண்ணெய் இறங்கியது உண்மைதான், ஆனால் பழைய 87ஐத் திரும்பக் கண்டதே இல்லை. மின்சாரம் எடுக்கலாம் என்றால் கடைசித் தூண் எங்கள் காணியிலிருந்து நல்ல தூரம், அதோடு மின்கட்டணமும் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் என்று அடுத்தடுத்து ஏறிக் கிடந்தது.

ஆனால் செலவு மட்டும் என்றால் இன்னும் இழுத்திருப்பேன். கிணறுதான் என்னை மாற வைத்தது. எங்கள் பக்கம் அடியில் கருங்கல். கிணற்றில் ஊற்று என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கல்வெடிப்புகளால் கசிந்து வருவதுதான் தண்ணீர். மேலே வைத்த எந்தப் பம்பும் நடைமுறையில் இருபத்து மூன்று, இருபத்து நாலு அடிக்குக் கீழே இருந்து தண்ணீர் உறிஞ்சாது, எவ்வளவு பெரிய என்ஜின் பூட்டினாலும் அதுதான் எல்லை. ஆவணி புரட்டாசியில் தண்ணீர் அதற்கும் கீழே போய்விடும். அப்போது என்ன செய்வோம்? மிசினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இருக்கும் படிக்கட்டில் இறக்கி வைப்போம். நானும் செய்திருக்கிறேன், ஒரு வருடமல்ல, பல வருடம். ஒருநாள் பெற்றோலுக்கு மாற்ற உள்ளே இறங்கியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, மச்சான் மேலே இருந்தபடியால் கயிறு போட்டு ஏற்றினான். புகை கிணற்றுக்குள் தங்கும், அது மணத்தால் தெரியாத விசவாயு, அப்படி இறங்கிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். யாராவது இன்னும் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்குகிறீர்கள் என்றால் மற்றதை வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் விடுங்கள்.

சரி, விற்பனைக்கு வருவோம்.

தண்ணீருக்குள் இறக்கும் மோட்டார், மூன்று பனல், கண்ட்ரோலர், இரும்பு ஸ்டாண்ட், கூலி எல்லாம் சேர்த்து 310,000 ரூபா கேட்டார்கள். கச்சான் விற்ற காசு இருந்தது, மனைவி போட்ட சீட்டு ஒன்று அந்த மாதம் விழுந்தது, அப்படியும் ஐம்பதாயிரம் போல இடித்தது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் மிசின். 2013இல் நான் வாங்கிய விலை 48,000. பதினொரு வருடம் உழைத்த சாமானுக்கு இருபது கிடைத்தாலே பெரிது என்று நினைத்துக்கொண்டு கடையில் புதிதின் விலையைக் கேட்டேன், தலை சுற்றியது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதன் பலனை நான் பெற்றோல் வரிசையில்தான் பார்த்திருந்தேன், என் கொட்டிலுக்குள் கிடந்த பழைய இரும்பின் விலையில் பார்க்கவில்லை. 65,000 சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். வாங்கிய விலையை விடக் கூட. லாபம் என்று நினைக்க வேண்டாம், அந்தக் காசுக்கு இப்போது 2013இன் பாதிச் சாமானும் வராது.

விற்க முன்னம் என்ன செய்வது என்பதில் ஆளாளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். ரவுனில் மிசின் திருத்தும் ஒரு பாஸ், "பெயின்ற் அடியுங்கோ தம்பி, பத்தாயிரம் கூடப் போகும்" என்றார். நான் அடிக்கவில்லை. பழைய மிசினில் புதுப் பெயின்றைக் கண்டால் எனக்கே வெடிப்பை மறைத்திருக்கிறார்களோ என்றுதான் தோன்றும். கரியைச் சுரண்டிக் கழுவினேன், ஒயில் மாற்றினேன், புது பிளக் போட்டேன், நைந்துபோயிருந்த இழுகயிற்றை மாற்றினேன். இவ்வளவுக்கும் ஆறாயிரம் ஆகவில்லை. சீலில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது, அதைத் திருத்தவில்லை. ஏனென்று கேட்டால் சோம்பல் பாதி, வாங்குபவர் தன் பாஸிடம் கொடுத்துத் தனக்குப் பிடித்த சாமான் போடட்டும் என்ற எண்ணம் பாதி. ஆனால் விளம்பரத்திலேயே "சீல் சொட்டுது, குளிரில் மூன்றாவது இழுப்பில்தான் பிடிக்கும்" என்று எழுதிவிட்டேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். ஊருக்குள் விற்கும் சாமானில் பொய் சொல்லிவிட்டு அடுத்த பொங்கலில் கோயிலில் வாங்கியவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

போன் வந்தது, வந்துகொண்டே இருந்தது. பாதிப் பேர் மிசினைப் பற்றி ஒன்றும் கேட்காமல் "கடைசி என்ன விலை?" என்பார்கள். கிளிநொச்சியிலிருந்து ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் தருகிறேன் மாற்றுவோமா என்றார். மாங்குளத்திலிருந்து பேசிய ஒருவர் படத்தில் நல்லாயிருக்கிறது என்று சொல்லி இரண்டு நாள் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார், நானும் நம்பி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன், அதன் பிறகு அவர் போனே எடுக்கவில்லை. முற்பணம் இல்லாமல் யாருக்காகவும் பொறுத்திருக்கக் கூடாது, அந்தப் பிழையை நான் ஒருமுறைதான் விட்டேன். காலமும் முக்கியம். நான் ஜூனில் விற்றபடியால்தான் இத்தனை போன். மாரி தொடங்கிய பிறகு கார்த்திகையில் தண்ணி மிசினைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள்.

வாங்கியவர் ஒட்டுசுட்டான் பக்கத்து ஐயா ஒருவர், அறுபது வயதிருக்கும். அவர் பார்த்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். வந்ததும் பேசவில்லை, சைலன்சரில் கை வைத்தார். குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். வாங்குபவர் வர முன்னம் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைப்பது பழைய தந்திரம். பிறகு கயிற்றை மெல்ல இழுத்து இறுக்கம் பார்த்தார், ஒயில் குச்சியை மணந்தார், "இழுங்கோ தம்பி" என்றார். சொன்னபடியே மூன்றாவது இழுப்பில் பிடித்தது. புகை முதலில் கறுப்பு, பிறகு தெளிந்தது. நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, ரிங் முடிந்தது என்று அர்த்தம், அதற்காகத்தான் பத்து நிமிடம் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சீலைக் காட்டி,

"இதுக்கு என்ன குறைப்பியள்?"

"ஐயா, அதை எழுதித்தானே விலை போட்டனான்."

"எழுதினதாலதான் இவ்வளவு தூரம் வந்தனான். ஐம்பத்தாறு தாறன்."

56,000. குழாயின் அடியில் பூட்டும் புட்வால்வும் பதினைந்து அடி உறிஞ்சு குழாயும் சேர்த்துக் கொடுத்தேன். 2013 பில்லை மனைவி பைபிளுக்குள் வைத்திருந்தாள், அதையும் கொடுத்தேன். களவுச் சாமான் இல்லை என்று காட்ட அந்த ஒரு கடதாசி போதும். நான் என் கைப்பட ஒரு விற்பனைத் துண்டு எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து, என்ஜின் இலக்கத்தையும் குறித்தோம்.

இப்போது சோலார். நல்லதை முதலில் சொல்கிறேன். பழைய மிசின் ஒரு மணித்தியாலத்தில் கிணற்றை வற்றவைத்துவிடும், பிறகு ஊறும் மட்டும் குந்தியிருக்க வேண்டும். இந்தச் சின்ன மோட்டார் காலை எட்டுக்கு மெதுவாகத் தொடங்கி, பத்திலிருந்து இரண்டு வரை நன்றாகத் தள்ளி, நாலு மணிக்குச் சோர்ந்துவிடும். கல்வெடிப்பிலிருந்து கசியும் வேகத்துக்கு இது அளவாக இருக்கிறது. கிணறு அடி காணவில்லை, ஆனால் நாள் முடிவில் பார்த்தால் முன்னரை விடக் கூடுதலாகத் தண்ணீர் எடுத்திருக்கிறேன். வேகம் குறைவு என்று கடைக்காரரே பெரிய மோட்டாருக்குத் தள்ளப் பார்த்தார், கருங்கல் கிணறு வைத்திருப்பவர்கள் அதற்கு மயங்க வேண்டாம். மண்ணெண்ணெய் மணம் இல்லை, சத்தம் இல்லை, கிணற்றுக்குள் இறங்கும் வேலை இல்லை.

கடைக்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது, எனக்கு எழுபதாயிரம் செலவு வைத்தது. மெதுவாக வரும் தண்ணீரை மண் வாய்க்காலில் விட்டால் வாய்க்காலே குடித்துவிடும். முதல் கிழமை மிளகாய்ப் பாத்தியின் கடைசி வரிசைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேரவில்லை. கடைசியில் சீமெந்து வளையங்களை அடுக்கித் தொட்டி கட்டி, அதில் சேர்த்துப் பெரிய குழாயால் திறந்துவிட்டேன். 310,000 என்று நினைத்தது 380,000 ஆயிற்று. மிசின் விற்ற காசு மொத்தமும் அந்தத் தொட்டிக்குள் போய்விட்டது என்றே சொல்லலாம்.

பனல் விசயத்திலும் கொஞ்சம். மூன்றும் ஒரே தொடராக இருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் முழுக்கச் சோர்ந்துவிடுகிறது. மூன்று மணிக்கு வேம்பின் ஒரு கிளை நிழல் விழுந்தது, கிளையை வெட்டியதும் சரி. வன்னி கிட்டத்தட்ட 9 பாகை வடக்கில் இருப்பதால் தெற்குப் பார்த்துப் பத்துப் பாகை சாய்வு போதும், அதற்கும் குறைத்தால் மழை வழியாது, ஊத்தை தங்கும். பூட்ட வந்த பையன்கள் கூரை மாதிரி நல்ல சரிவாக வைத்துவிட்டுப் போனார்கள், நான்தான் திரும்பக் கூப்பிட்டு இறக்கினேன். மயில் எச்சத்தை இரண்டு நாளுக்கு ஒருக்கால் கழுவ வேண்டும். குரங்கு வயரில் தொங்கும், அதனால் வயரைப் பிவிசி குழாய்க்குள் விட்டேன். யானை இன்னும் வரவில்லை, வந்தால் எழுதுகிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் இணைப்பைக் கழற்றிவிடுவேன்.

2024 நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் வெள்ளம் கிணற்றுக்குள் பாய்ந்து ஒன்றரை அடி சேறு சேர்ந்துவிட்டது. 2025 செப்டெம்பரில் தண்ணீர் அடியில் கிடந்த நேரம் பார்த்துச் சேறு எடுப்போம் என்றால், சேற்றுத் தண்ணீரில் சோலார் மோட்டாரை ஓட்ட முடியாது, அதை மேலே தூக்கிவிட்டுக் கலங்கலை இறைக்க ஒரு மிசின் வேண்டும். யாரிடம் கேட்பது? வெட்கத்தை விட்டு ஒட்டுசுட்டான் ஐயாவுக்குப் போன் எடுத்தேன். வாடகை தருகிறேன் என்றேன். "உங்கட மிசினுக்கு உங்களிட்டயே வாடகையோ? எண்ணெயை அடிச்சுக்கொண்டு போங்கோ" என்றார். லான்ட்மாஸ்டரில், அதுதான் இரண்டு சில்லு உழவு மிசினில், ஏற்றி வந்து கிணற்றுக்கு மேலே, வாயோரமாக வைத்தேன். தண்ணீர் எட்டுமட்டும் அது இறைத்தது, மிச்சத்தை வாளியால் அள்ளினோம். சீல் சொட்டவில்லை. முதல் இழுப்பிலேயே பிடித்தது. பின்னேரம் திருப்பிக் கொடுக்கப் போகும்போது பெற்றோலுக்கு மாற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டுத்தான் நிற்பாட்டினேன், மச்சானை அதில் கை வைக்க விடவில்லை.