பெட்டி வேனில், நாங்கள் சைக்கிளில்: பாஸாவிலிருந்து வியன்னா வரை

ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றங்கரையில் வழி கண்டுபிடிக்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் போகிற பக்கம் போனால் போதும், மிச்சத்தைப் பச்சைப் பலகைகள் சொல்லிவிடும். சைக்கிள் சுற்றுலா நிறுவனத்துக்கு நாங்கள் காசு கொடுத்தது பெட்டிக்காக. காலை ஒன்பது மணிக்குள் விடுதி வரவேற்பறையில் பெட்டியை வைத்துவிட்டால், வேனில் ஏற்றிக்கொண்டு போய் அன்று ராத்திரி தங்கப்போகிற ஊரில் இறக்கிவிடுவார்கள். ஏழு இரவு அறை, காலை உணவு, சைக்கிள், வழிப்புத்தகம், பெட்டி எல்லாம் சேர்த்து இருவருக்கும் இரண்டாயிரம் யூரோவை ஒட்டி ஆனது. என் மின்சார சைக்கிளுக்கு வாடகை தனி.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்கால் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் மின்சார சைக்கிள். வீட்டுக்காரருக்கு அது மானப் பிரச்சினை. "மோட்டார் வெச்சுக்கிட்டுப் போறதுக்கு பஸ்ல போயிடலாமே" என்று ஏழு கியர் சாதா சைக்கிளை எடுத்தார். அது பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கிற வகை. நின்ற இடத்தில் பெடலைப் பின்னால் அரைச் சுற்று சுற்றி, மிதிக்கத் தோதாக மேலே கொண்டுவந்து வைப்போமே, அது இதில் நடக்காது. சக்கரம் கப்பென்று இறுகிவிடும். பாஸாவ் ஊருக்குள்ளேயே இரண்டு தடவை தடுமாறினார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: கிளம்பும் முன் பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப்பிடித்து, பெடலைக் காலால் முன்பக்கமாகச் சுற்றி வைத்துக்கொள்வது. வியன்னா வரை ஒவ்வொரு சிக்னலிலும் இந்த வைபவம் நடந்தது. சைக்கிளைக் கொடுத்த பையன் சீட் உயரத்தைப் பார்த்தானே ஒழிய இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. பின்பக்கம் மிதிக்கிற இந்த பிரேக் வேண்டாம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பாஸாவில் டான்யூபோடு இன், இல்ஸ் என்று இரண்டு ஆறுகள் வந்து சேர்கின்றன. இன் வெளிர்பச்சை, இல்ஸ் கறுப்புத் தேநீர். முனையில் நின்று பார்த்தால் நிறங்கள் கொஞ்ச தூரத்துக்குக் கலக்காமலேயே போகின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் மேகம் திரண்டதைக் கவனிக்கவில்லை. பத்தாவது கிலோமீட்டரில் மழை. மழைக்கோட்டு எங்கே? பெட்டியில். பெட்டி எங்கே? வேனில். இதற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது, முட்டாள்தனம் முழுக்க எங்களுடையது.

ஷ்லோகனில் ஆறு மலையில் முட்டி, வந்த பக்கமே திரும்புகிறது. வடகரையில் போனால் அங்கே பாதை தீர்ந்துவிடும். சைக்கிளோடு சின்னப் படகில் ஏறிக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் காட்டுக்குள் ஏறினால் அந்த வளைவு முழுசாகத் தெரியும். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர் போய்ப் படம் எடுத்து வந்தார்.

கரையில் அங்கங்கே கிலோமீட்டர் எண் பலகைகள் நிற்கின்றன. கருங்கடல் முகத்துவாரத்தில் ஆரம்பித்து மேல்நோக்கி எண்ணுகிறார்களாம், அதனால் நாம் போகப் போக எண் குறையும். பாஸாவில் 2,200-க்கு மேல், வியன்னாவில் 1,930 பக்கம். நிறுவனத்தின் வழிப்புத்தகத்தைவிட எனக்கு இந்தப் பலகைகள்தான் உதவின. ஐந்து எண் குறைந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன்.

இனி குறைக்கு வருகிறேன். லின்ஸிலிருந்து கிரைன் வரை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், ஒரே நாளில். மேடு கிடையாது, சுலபம் என்கிறது புத்தகம். ஆனால் வழியில் மவுட்ஹவுசன் இருக்கிறது. 1938 முதல் 1945 வரை நாஜிகளின் வதைமுகாம் இருந்த ஊர். அதற்குப் புத்தகத்தில் ஒரே வரி: "மேட்டில் நினைவிடம்." எப்படிப் போவது, எவ்வளவு நேரம் வேண்டும், ஒன்றும் இல்லை. நான் மோட்டார் தயவில் மேடேறிவிட்டேன், அவர் தள்ளிக்கொண்டு வந்தார். கல்குவாரியில் 186 படிகள். கைதிகளை முதுகில் கருங்கல்லோடு அதில் ஏற்றியிருக்கிறார்கள். அரை மணியில் திரும்பலாம் என்று நினைத்தோம். மூன்று மணி நேரம் ஆனது. திரும்ப ஆற்றங்கரைக்கு வந்து ரொம்ப தூரம் வரை இருவரும் பேசவில்லை.

கிரைன் போய்ச் சேர்ந்தபோது விடுதிச் சமையலறை மூடும் நேரம். பெட்டியும் இல்லை. புத்தகத்தில் இருந்த அவசர எண்ணில் பதிவுக் குரல்தான் பேசியது. விடுதிக்கார அம்மாள் எங்களுக்கு இரண்டு தட்டு சீஸ் ஷ்பெட்ஸ்லே (சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி) வைத்துவிட்டு, ஊரில் உள்ள மற்ற விடுதிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார். நாலாவது இடத்தில் பெட்டி கிடைத்தது. ஒன்பதரைக்கு அவரே காரில் போய் எடுத்து வந்தார். மறுநாள் நிறுவனத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு ஒரு குறுஞ்செய்தி, அதோடு சரி.

அடுத்த வருத்தம் வாகவ் பள்ளத்தாக்கு. மெல்க்கில் தொடங்கி கிரெம்ஸ் வரை முப்பத்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் மொத்தப் பயணமும் இதற்காகத்தான் என்று சொல்லலாம். ஒரு பக்கம் கல்சுவர் கட்டிய திராட்சைச் சரிவு, மறுபக்கம் ஆப்ரிகாட் தோப்பு. ஜூலையில் போனதால் பழம் பழுத்திருந்தது. தோட்டத்து வாசலில் கூடை, பக்கத்தில் உண்டியல். காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஷ்பிட்ஸில் மதியம் மரில்லன் க்னோடல் சாப்பிட்டோம்: முழு ஆப்ரிகாட்டை மாவில் பொதிந்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டிய உருண்டை. கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. கரண்டியால் பிளந்ததும் ஆரஞ்சு நிறச் சாறு தட்டில் ஓடியது. இவர் மூன்று முடித்துவிட்டு, "இன்னைக்கு இங்கேயே தங்கிடலாமா?" என்றார். நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அறைகளெல்லாம் முன்கூட்டியே போட்டாயிற்று, மாற்ற முடியாது என்றார்கள். இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னன் 1192-இல் சிறைப்பட்ட டூர்ன்ஷ்டைன் கோட்டையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி.

கிரெம்ஸுக்குப் பிறகு சமவெளி, எதிர்காற்று. துல்ன் வருவதற்குள் அவர் இரண்டு தடவை என் பேட்டரியைப் பொறாமையோடு பார்த்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை.

இந்த நிறுவனத்திடமே மறுபடியும் போவேனா? போவேன், பெட்டிக்காக. ஆனால் லின்ஸுக்கும் கிரைனுக்கும் நடுவில் ஒரு இரவு, வாகவில் ஒரு இரவு கூடுதலாகக் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டுவேன். மழைக்கோட்டு சைக்கிள் பையில் இருக்கும்.

வியன்னா விடுதியில் சைக்கிள்களை ஒப்படைத்துவிட்டு, மறுநாள் ரயிலில் பாஸாவ் திரும்பினோம். ஏழு நாள் மிதித்த தூரம், இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு எங்கே என்று தேடிக்கொண்டே வந்தார். தண்டவாளம் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகவில்லை.