டீப் ஸ்பேஸ் நைனா, வாயேஜரா?

இரண்டுமே ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை டிவி தொடர்களின் குடும்பம், ஆளுக்கு ஏழு சீசன். வாயேஜரின் (1995–2001) கரு அபாரம்: வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட கப்பல். ஆனால் இந்த வாரம் அடிவாங்கிய கப்பல் அடுத்த வாரம் பளபளவென்று நிற்கும். ஹோலோகிராம் டாக்டர் மட்டும் அருமை.

டீப் ஸ்பேஸ் நைன் (1993–1999) நடப்பது ஒரு விண்வெளி நிலையத்தில். செய்த வினையை விட்டுவிட்டுப் பறந்துபோக வழியில்லை. ஆக்கிரமிப்பில் சிக்கிய பஜோர் கிரக மக்களின் காயம், டொமினியன் என்ற எதிரி வல்லரசுடனான போர் எல்லாம் சீசன் தாண்டித் தொடரும். ஆறாம் சீசனில், ரோமுலன்கள் என்ற வேற்றுலக இனத்தைப் போருக்குள் இழுக்க நிலையத் தலைவர் சிஸ்கோ போலிச் சான்று தயாரிக்கிறார். அது கொலையில் போய் முடிகிறது. அப்புறம் தன் வாக்குமூலத்தையே அழிக்கிறார். இப்படி உறுத்தும் கதாநாயகன் வாயேஜரில் எங்கே? முதல் சீசன் இழுவைதான், சரி. தையற்காரர் கராக் வரும் காட்சிகளை மட்டும் தவறவிடாதீர்கள்.